அதே சேர், பின்னேரம் வேறு ஆள்: யாழ்ப்பாணம் வலிகாமத்துப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர் ஊக்கம் பற்றிய நிகழ்வு ஆய்வு

தரம் 10 பிள்ளை ஒருத்தியின் கணிதக் கொப்பியிலிருந்து தொடங்குகிறேன். அடிமட்டம் வைத்து, பென்சிலைக் கூராக்கி, முக்கோணி ஒன்றை வடிவாகக் கீறியிருக்கிறாள். மூன்று கோணங்களுக்கும் பெறுமானம் கண்டு எழுதியிருக்கிறாள்: 62, 75, 53. கூட்டினால் 190 பாகை வரும். அதற்குக் கீழே சிவப்பு மையால் பெரிய சரி, சின்னக் கையொப்பம், திகதி. முக்கோணியின் அகக்கோணங்கள் கூட்டினால் 180 என்பது அந்தப் பிள்ளைக்கு மறந்திருக்கலாம், அதில் குற்றமில்லை. சரி போட்ட சேருக்கு மறந்திருக்க வாய்ப்பே இல்லை. பின்னேரம் மூன்றரைக்கு அவரிடம் கணிதம் படிக்க வேறு பாடசாலைப் பிள்ளைகள் இரண்டு பஸ் மாறி வருகிறார்கள்.

நான் இந்தப் பாடசாலையில் உப அதிபர். நேரசூசி போடுவதும், ஆசிரியர் வராத நாளில் வகுப்புக்கு வேறு ஆள் அனுப்புவதும், தவணைக்கு ஒரு தடவை கொப்பிகளை வாங்கிப் பார்ப்பதும் என் தலையில் விழுந்த வேலைகள். 2024 கல்வியாண்டு அந்த வருடம் பெப்ரவரியில் தொடங்கி 2025 ஜனவரி வரை இழுபட்டது. அந்தக் காலம் முழுக்க மூன்று ஆசிரியர்களைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனித்துக் குறிப்பு எழுதி வைத்தேன். பாடசாலையின் பெயரோ ஆட்களின் பெயரோ இதில் வராது, சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். மூன்று பேரிடமும் வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு பேர் "சரி, போடுங்கோ" என்றார்கள். ஒருவர் ஒரு பந்தியை வெட்டச் சொன்னார், வெட்டிவிட்டேன்.

இன்னொன்றையும் முதலே சொல்லிவிட வேண்டும். என் மகனும் அந்தக் கணித சேரிடம்தான் ரியூசன் போகிறான்.

எங்கள் பாடசாலை

காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றின் முடிவில் இருக்கிற 1சி பாடசாலை எங்களுடையது. உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் உண்டு, விஞ்ஞானப் பிரிவு இல்லை. அது இருந்தால் 1ஏபி ஆகியிருக்கும். வெளியில் இருப்பவர்களுக்கு இது வெறும் எழுத்து, உள்ளே இருப்பவர்களுக்கு இது தலைவிதி மாதிரி. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளை ஆறாம் ஆண்டுக்கு நகரத்துப் பெரிய பாடசாலைக்குப் போய்விடும். அதில் தப்பி எங்களிடம் இருக்கிற கெட்டிக்காரப் பிள்ளை, சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுத்துவிட்டால், விஞ்ஞானம் படிக்க வெளிக்கிட்டுவிடும். "ரெண்டு தரம் அரிச்சு எடுத்த பிறகு மிஞ்சுறதுதான் எங்களுக்கு" என்று ஆசிரியர் ஓய்வறையில் ஒரு பேச்சு உண்டு. சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். ஆனால் வருடக்கணக்காக அதைச் சொல்லிச் சொல்லியே வகுப்புக்குள் போகிற ஒருவரின் கால் எவ்வளவு வேகமாக நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கெட்டிக்காரப் பிள்ளையை உருவாக்கினால் அடுத்த பாடசாலையின் பெயர்ப்பலகையில் அதன் படம் ஏறும். உருவாக்காவிட்டால் வலயக் கல்வி அலுவலகக் கூட்டத்தில் எங்கள் சித்தி வீதம் வாசிக்கப்படும். இரண்டிலும் ஆசிரியருக்கு ஒன்றுமில்லை.

யாழ்ப்பாணத்தில் படிப்பு என்பது வெறும் படிப்பு இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். 1823 இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் செமினறி தொடங்கியதும், 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும், பிறகு எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்கு வந்த தரப்படுத்தலும், போரும் என்று அந்தக் கதை நீளும். இந்த ஆய்வுக்கு அதில் தேவையானது ஒன்றுதான். இங்கே பெறுபேறு என்பது ஒரு குடும்பத்தின் மானப் பிரச்சினை. ஆனால் அந்த மானத்தை நம்பி ஒப்படைக்கிற இடம் பாடசாலையிலிருந்து ரியூசனுக்கு மாறி வெகுகாலமாயிற்று.

முதலாவது ஆள்: கணித சேர்

நாற்பது வயது தாண்டியவர். பத்து வருடமாக எங்களிடம் இருக்கிறார். வாரத்தில் உள்ள 40 பாடவேளைகளில் அவருக்கு 31. நேரத்துக்கு வருவார், பதிவேட்டில் சிவப்புக் கோடு விழ விடமாட்டார், பாடக்குறிப்புக் கொப்பி ஒரு கிழமை பிந்தாது. கடதாசியில் பார்த்தால் குறை பிடிக்க முடியாத ஆசிரியர். வகுப்புக்குள் போனால் பயிற்சி இலக்கத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கதிரையில் இருப்பார். சத்தம் வராது. பிள்ளைகளுக்கு அவரில் பயம். அமைதியாக, ஒரு வருடம் போகும்.

ஒரு புதன்கிழமை மகனை ஏற்றப் போனவள், ரியூசன் கொட்டகைக்கு வெளியே ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நின்றேன். தகரக் கூரை, பாதிச் சுவர், உள்ளே வாங்குகளில் நெருக்கமாக நூறு பிள்ளைகளுக்குக் குறையாமல் இருந்தார்கள். வட்ட நாற்பக்கல் நடந்துகொண்டிருந்தது. சேர் கவராயம் இல்லாமல் வெறும் கையால் ஒரு வட்டம் கீறினார், அச்சில் வார்த்த மாதிரி. கேள்வி கேட்டார். பின்வாங்குப் பெடியன் ஒருவன் பிழையான விடை சொன்னான். நூறு பேரையும் அப்படியே நிறுத்தி வைத்துக்கொண்டு, "நில் நில், விடை கிடக்கட்டும், நீ எப்பிடி அங்க போனனி எண்டு சொல்லு" என்றார். அவன் சொல்லச் சொல்ல, அவன் நடந்த வழியிலேயே இவரும் நடந்து, மூன்றாவது படியில் "இஞ்ச பார், இஞ்சதான் காலை மாறி வச்சிட்டாய்" என்று பிடித்தார். ஐந்து நிமிடம் இருக்கும். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். 190 பாகைக்குச் சரி போட்ட கை இதுதானா?

அன்றைக்குத்தான் எனக்கு இந்த ஆய்வின் கேள்வி திரும்பியது. அதுவரைக்கும் "இவருக்கு ஏன் ஊக்கம் இல்லை" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு ஊக்கம் தாராளமாக இருக்கிறது. அது காலை ஏழரை மணிக்கு வீட்டில் இருந்துவிட்டு, பின்னேரம் மூன்றரைக்கு வெளிக்கிடுகிறது.

காசுக்காகத்தானே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஒரு நாள் ஓய்வறையில் யாரும் இல்லாத நேரம் கேட்டேன். ஒளிக்கவில்லை. "காசும்தான் ரீச்சர். இல்லையெண்டு சொன்னால் பொய்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஆனா அங்க பிள்ளை என்னைத் தேடி வருது. இஞ்ச மணி அடிச்சதால நான் பிள்ளையிட்டப் போறன்."

இதை நான் பல நாள் உருட்டிக்கொண்டிருந்தேன். கொட்டகையில் அவர் எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது என்று அவரே தீர்மானிக்கிறார். வினாத்தாள் அவர் தயாரித்தது, மேலே அவர் பெயர் இருக்கிறது. நன்றாகப் படிப்பிக்காவிட்டால் அடுத்த மாதம் வாங்கு காலியாகும், நன்றாகப் படிப்பித்தால் சந்தியில் நின்று தாய்மார் கதைப்பார்கள். பாடசாலையில் இது எதுவும் இல்லை. பாட ஒழுங்கு மேலிருந்து வரும். தவணைப் பரீட்சை வினாத்தாளும் வெளியிலிருந்துதான் வரும். படிப்பித்தாலும் படிப்பிக்காவிட்டாலும் சம்பள ஏற்றம் ஒரே திகதியில் விழும்.

இதில் என் பங்கும் உண்டு. ஆசிரியர் வராத வகுப்புக்கு வேறு ஆள் போவதை எழுதும் பதில் பாடவேளைப் பதிவுப் புத்தகத்தை எடுத்து ஒரு தவணையைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் அவர் பெயர்தான். அவரை அனுப்பினால் எட்டாம் ஆண்டு சத்தம் போடாது, எனக்கும் தலையிடி இல்லை, அதனால் அவரையே அனுப்பியிருக்கிறேன். சிலரின் பெயர் தவணை முழுக்க இரண்டு மூன்று தடவைதான். வேலை செய்கிறவனுக்குத்தான் வேலை என்பார்கள். அதை எழுதி ஒப்பமிட்டுக்கொண்டிருந்தது நான்.

இரண்டாவது ஆள்: புவியியல் ரீச்சர்

முதல் நியமனம் நெடுந்தீவு. யாழ்ப்பாணத்திலிருந்து புங்குடுதீவில் இருக்கிற குறிகட்டுவான் வரைக்கும் பஸ், அங்கிருந்து படகு, குமுதினியோ வடதாரகையோ எது ஓடுகிறதோ அதில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். காற்றுக் காலத்தில் கடல் பொங்கினால் அதுவும் இல்லை. கிழமை நாட்களில் அங்கேயே தங்கி, வெள்ளி பின்னேரம் படகுக்கு ஓடி வந்திருக்கிறார். கஷ்டப் பிரதேச சேவை முடித்து இடமாற்றத்தில் எங்களிடம் வந்தபோது, இனி நிம்மதியாகப் படிப்பிப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

எங்களிடம் புவியியலுக்கு ஏற்கெனவே ஒருவர் இருந்தார். நேரசூசியில் மிஞ்சிய கட்டங்களை இவருக்குக் கொடுத்தேன்: தரம் 7 குடியியல், தரம் 8 செயன்முறைத் தொழினுட்பத் திறன், தரம் 6 சுகாதாரம், அப்புறம் இரண்டு வகுப்பில் புவியியல். புவியியற் பட்டதாரி ஒருவர் பிள்ளைகளுக்கு மின்சுற்று இணைக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். முதல் நாள் இரவு யூடியூப் பார்த்துப் படித்துவிட்டு வருவதாகச் சொன்னார். முதல் தவணை அப்படிச் செய்தார். இரண்டாம் தவணையில் பாடப் புத்தகத்தை வாசிக்கச் சொல்லிவிட்டு இருந்தார். லீவும் கூடியது. திங்கள் ஒன்று, வெள்ளி ஒன்று, தலையிடி, காய்ச்சல்.

"நெடுந்தீவில இதைவிடக் கஷ்டம்தானே பிள்ளை?" என்று கேட்டேன், கொஞ்சம் குத்தலாகவே.

"கஷ்டம்தான் மிஸ். ஆனா அங்க புவியியலுக்கு நான் ஒராள்தான். ஒரு பிள்ளை எஸ் எடுத்தாலும் அது நான் எடுத்துக் குடுத்த எஸ்."

எஸ் என்பது 35 புள்ளியில் தொடங்கும் சாதாரண சித்தி. பெரிய பாடசாலைகளில் அதை வெட்கத்தோடு சொல்வார்கள். இந்த ரீச்சர் சொன்ன விதத்தில் அது ஒரு பதக்கம் மாதிரி இருந்தது. கடல் தாண்டிப் போன காலத்தில் களைக்காதவர், வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் வந்து களைத்துப் போயிருந்தார்.

மூன்றாவது ஆள்

தமிழ் ரீச்சர். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம். போரால் வலிகாமம் முழுக்க ஒரே இரவில் இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட 1995 ஒக்டோபர் 30 அன்று அவர் சேவைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தென்மராட்சியில் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு மரத்தடியில் படிப்பித்தவர். ஆசிரியர் சேவையில் தரம் 1 கிடைத்தாயிற்று, அதற்கு மேல் ஏற வகுப்பறைக்குள் படி இல்லை. ரியூசன் கொடுப்பதில்லை. ஆனால் கட்டுரைக் கொப்பி வாங்கிப் பாருங்கள், ஓரத்தில் சின்ன எழுத்தில் அந்தப் பிள்ளையோடு கதைத்துக்கொண்டே போவார்: "இந்தச் சொல் எங்கே பிடித்தாய்? நல்லாயிருக்கு." "மூன்று வசனத்தை ஒன்றாகக் கட்டியிருக்கிறாய், மூச்சு வாங்குது."

பரிசளிப்பு விழாவில் இவரைத்தான் காட்டி, அர்ப்பணிப்பு என்றால் இது என்று பேசுவார்கள். எனக்கு அந்தப் பேச்சில் கோபம் வரும். அவரின் வீடு சைக்கிளில் ஐந்து நிமிடம். பிள்ளைகள் வளர்ந்து ஒருவர் கனடாவில். வீட்டுக் கடன் இல்லை. நேரசூசியில் முப்பது வருடமாகத் தமிழைத் தவிர வேறு பாடம் அவருக்கு யாரும் திணிக்கவில்லை. இந்த நான்கையும் கணித சேருக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு ஒப்பிடுவோம். அவர் நல்ல ஆசிரியர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவரை உதாரணமாகத் தூக்கிக் காட்டுவது மற்றவர்களின் வாயை மூடுவதற்கு மட்டும்தான் பயன்படுகிறது. அவருக்கே அது பிடிக்காது. ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்தில் பொன்னாடை போர்த்தியபோது என் காதுக்குள் சொன்னார்: "இதைவிட எனக்கொரு மின்விசிறி பூட்டித் தாங்கோ."

சம்பளம் பற்றி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊக்கம் பற்றிப் பேசுகிறவர்கள் ஒன்று சம்பளமே எல்லாம் என்பார்கள், அல்லது ஆசிரியம் புனிதமான தொழில், காசைப் பற்றிப் பேசலாமா என்பார்கள். 2021 ஜூலையில் நாடு முழுக்க ஆசிரியர்களும் அதிபர்களும் ஒன்லைன் வகுப்பை நிறுத்தினார்கள், ஒக்டோபர் வரைக்கும் போனது. 24 வருடச் சம்பள முரண்பாடு என்பதுதான் அப்போது வாய்க்கு வாய் கேட்ட சொல். கேட்டதில் ஒரு பங்குதான் கிடைத்தது. அடுத்த வருடமே நாடு படுத்தது. பெற்றோல் 2022 தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபா, ஜூன் முடிவில் 470 ரூபா, அதுவும் வரிசையில் நின்றால். செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. அரசாங்க ஊழியர் சம்பளமற்ற லீவில் ஐந்து வருடம் வரை வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. ஓய்வறையில் அந்தச் சுற்றறிக்கையைப் பாடப் புத்தகத்தைவிடக் கவனமாக வாசித்தோம். 2024 ஜூன் 26, மறுபடியும் சுகவீன லீவுப் போராட்டம். நானும் லீவுதான் போட்டேன்.

ஆகவே வயிறு கடிக்கிறபோது ஊக்கம் பற்றி வகுப்பெடுக்க நான் ஆளில்லை. கேள்வி அதற்குப் பிறகு வருவது. வெறும் சம்பளத்தைக் கூட்டினால் படிப்பிப்பு மாறுமா? இந்தோனேசியாவில் 2005 இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, தகுதிச் சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களின் அடிப்படைச் சம்பளத்தை இரட்டிப்பாக்கினார்கள். அதை ஆராய்ந்தவர்கள் கண்டது: ஆசிரியர்களின் மனத்திருப்தி கூடியது, இரண்டாவது தொழில் பார்ப்பது குறைந்தது, பிள்ளைகளின் புள்ளி அசையவில்லை. ஆந்திராவில் வேறு மாதிரிச் செய்தார்கள். பிள்ளைகளின் முன்னேற்றத்துக்கு ஏற்றபடி, சராசரியாக வருடச் சம்பளத்தில் 3 சதவீதம்தான், ஒரு மேலதிகக் கொடுப்பனவு. இரண்டு வருடத்தில் கணிதமும் மொழியும் தெளிவாக உயர்ந்தன, கொடுப்பனவோடு சம்பந்தமில்லாத பாடங்களில்கூடப் பிள்ளைகள் முன்னேறினார்கள். உடனே அதை இங்கே கொண்டுவருவோம் என்று துள்ள முன்னர் கென்யாவைப் பார்க்க வேண்டும். அங்கேயும் பரீட்சைப் புள்ளிக்குப் பரிசு கொடுத்தார்கள். பரிசோடு கட்டிய பரீட்சையில் புள்ளி ஏறியது. ஆசிரியர் வரவும் கூடவில்லை, வீட்டுவேலை கொடுப்பதும் கூடவில்லை, பரீட்சைக்குத் தயார்படுத்தும் வகுப்புகள் மட்டும் கூடின.

யாழ்ப்பாணத்தில் இதைச் செய்தால் ஆந்திரா நடக்குமா கென்யா நடக்குமா என்று என்னைக் கேட்டால், கென்யாதான் என்பேன். எங்களிடம் ஏற்கெனவே பரீட்சைப் பைத்தியம் இருக்கிறது, அதற்கு மேல் எண்ணெய் ஊற்றத் தேவையில்லை.

பட்டப்பின் கல்வி டிப்ளோமா படித்த காலத்தில் உளவியலாளர் ஹேர்ஸ்பேர்க்கின் இருகாரணிக் கோட்பாட்டைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோம். சம்பளம், மேற்பார்வை, நிர்வாக விதி போன்றவை மோசமாக இருந்தால் மனிதனுக்கு அதிருப்தி வரும், சரியாக இருந்தாலும் அதனால் மட்டும் ஊக்கம் வராது. சாதித்த உணர்வு, அங்கீகாரம், பொறுப்பு, வேலையின் சுவை இவைதான் ஊக்கம் தரும் என்பது சுருக்கம். அவர் அதைக் கட்டியது 1950களில் பிற்ஸ்பேர்க்கில் கணக்காளரையும் பொறியியலாளரையும் கேட்டு. வகுப்பறை அதில் இல்லை. நல்லது நடந்தால் என்னால், கெட்டது நடந்தால் நிர்வாகத்தால் என்று சொல்வது மனித இயல்புதானே, அதனால்தான் அப்படி விடை வந்தது என்று அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. எனக்கு இந்த மூவரின் கதையில் கூடப் பொருந்தியது டெசி, ரையன் என்ற உளவியலாளர்கள் சொன்ன மூன்று தேவைகள்: தானாகத் தீர்மானிக்கும் இடம், என்னால் முடிகிறது என்ற உணர்வு, மனிதரோடு ஒரு பிணைப்பு. கணித சேருக்கு மூன்றும் கொட்டகையில் கிடைக்கிறது. புவியியல் ரீச்சருக்கு மூன்றும் நெடுந்தீவில் இருந்தது, நான் நேரசூசி போட்டுப் பறித்துவிட்டேன்.

என்ன செய்து பார்த்தோம்

பெரிதாக ஒன்றுமில்லை. சம்பளத்தையோ இடமாற்றத்தையோ தொட எனக்கு அதிகாரம் இல்லை. என் கையில் இருந்தது நேரசூசியும், பதில் பாடவேளைப் புத்தகமும், பிரதி எடுக்கிற ரோணியோ அறைத் திறப்பும்தான்.

இரண்டாம் தவணை தொடங்கும்போது பதில் பாடவேளை அட்டவணையை ஓய்வறைச் சுவரில் ஒட்டினேன். யார் எத்தனை தடவை போனார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்படி. முதல் கிழமை என்னோடு மூன்று பேர் கதைக்கவில்லை. ஒருவர் "இதென்ன கடன்காரர் லிஸ்டா?" என்று கேட்டார். அதிபரும் கழற்றச் சொன்னார். ஒரு மாதம் விடுங்கள், பிறகு கழற்றுகிறேன் என்று கேட்டு வாங்கினேன். ஒரு மாதம் முடிந்தபோது கழற்றும்படி யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் குறைவாகப் போனவர்களைவிட நிறையப் போனவர்கள்தான் எண்ணிக்கையில் கூட, அவர்கள் அதுவரை வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

கணித சேரிடம், தரம் 10 இல் பாட ஒழுங்கை நீங்கள் விரும்பியபடி மாற்றுங்கள், வருட முடிவில் பாடத்திட்டம் முடிந்தால் போதும், மாத வினாத்தாளும் நீங்களே போடுங்கள், பாடசாலைச் செலவில் அடித்துத் தருகிறேன் என்றேன். நம்பாமல் பார்த்தார். "ஆசிரிய ஆலோசகர் வந்து கேட்டால்?" நான் பதில் சொல்கிறேன் என்றேன். வந்தபோது நான்தான் பதில் சொன்னேன். அந்த அரை மணித்தியாலத்தை மறக்க விரும்புகிறேன்.

புவியியல் ரீச்சரின் நேரசூசியைக் கலைக்க, ஏற்கெனவே இருந்த புவியியல் ஆசிரியரோடு கதைக்க வேண்டியிருந்தது. இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். அவருக்கும் மனம் உண்டு, ஒருவருக்கு ஊக்கம் கொடுக்கப்போய் மற்றவரின் ஊக்கத்தை உடைத்துவிடக் கூடாது. கடைசியில் தரம் 10 மட்டும் இளையவருக்கு, 11 மூத்தவருக்கு என்று முடிந்தது. செயன்முறைத் தொழினுட்பத்தை நான் எடுத்தேன். எனக்கும் மின்சுற்று தெரியாது.

நாலாவதாக, ஒருவரின் வகுப்பில் இன்னொருவர் மாதம் ஒரு பாடவேளை போய் இருப்பது என்று கேட்டோம். படிவம் இல்லை, புள்ளி இல்லை, அதிபருக்கு அறிக்கை இல்லை. பின்வாங்கில் இருந்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கிற நேரம் இரண்டு வார்த்தை. வெளிவாரி மேற்பார்வைக்கு வருகிறவர்கள் பாடக்குறிப்பையும் கொப்பியில் கையொப்பத்தையும்தான் பார்ப்பார்கள், அதனால்தான் கையொப்பம் மட்டும் ஒழுங்காக விழுகிறது. படிப்பிப்பதைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்பது என் எண்ணம். பாதிப் பேர் சம்மதிக்கவில்லை. தமிழ் ரீச்சர் தன் வகுப்பை முதலில் திறந்துவிட்டார், அந்த வகையில் அவரின் அர்ப்பணிப்பு உண்மையாகவே பயன்பட்டது.

நடந்தது

புவியியல் ரீச்சரில் மாற்றம் தெளிவு. லீவு குறைந்தது. மூன்றாம் தவணையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கீரிமலைக் கரைக்குப் போய்ச் சுண்ணாம்புக் கல்லைக் காட்டினார், நன்னீர் எப்படிக் கடலோரத்தில் ஊறுகிறது என்று அங்கேயே வைத்து விளங்கப்படுத்தினார். அனுமதிக் கடிதம், பஸ், பெற்றோர் சம்மதம் எல்லாம் அவரே ஓடித் திரிந்து எடுத்தது. ஆனால் அவர் எடுக்கும் தரம் 7 குடியியல் இன்னும் புத்தக வாசிப்புத்தான். ஊக்கம் ஆளுக்குள் இருக்கும் ஒரு பொதுவான பொருள் இல்லை, அது பாடவேளைக்குப் பாடவேளை மாறுகிறது என்று இவரைப் பார்த்துத்தான் விளங்கியது.

கணித சேர் அரைவாசி. தரம் 10 இல் கதிரையிலிருந்து எழும்பினார். மாத வினாத்தாளில் மேலே தன் பெயரையும் பாடசாலையின் பெயரையும் சேர்த்து அடித்தார், அதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. தரம் 8 இல் ஒன்றும் மாறவில்லை, அதே பயிற்சி இலக்கம், அதே அமைதி. ரியூசனையும் ஒரு மணித்தியாலம்கூடக் குறைக்கவில்லை, நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை. மகனை நானே கொண்டுபோய் விட்டுக்கொண்டு என்ன முகத்தோடு எதிர்பார்ப்பது? காலையில் அவர் களைத்து வருவதற்கு ஒரு காரணம் இரவு எட்டு மணி வரை கொட்டகையில் நிற்பது. அந்தக் களைப்புக்கு நேரசூசியில் மருந்து இல்லை.

பெறுபேறு என்ன என்று கேட்பீர்கள். அந்த வகுப்பு எழுதுவது 2025 ஆம் ஆண்டுக்கான சாதாரண தரம், ஆகவே இந்த ஆய்வுக் காலத்துக்குள் தூக்கிக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அதே பிள்ளைகளில் பலர் ரியூசனுக்கும் போகிறவர்கள், நல்ல பெறுபேறு வந்தாலும் அது எந்தக் கணக்கில் சேரும் என்று யார் பிரிப்பது? மூன்று பேர், ஒரு பாடசாலை, அதிலும் பார்த்தவளே நேரசூசி போட்டவள். இதை வைத்து வட மாகாணத்துக்கே மருந்து எழுத முடியாது. இடையில் ஒரு ஆங்கில ஆசிரியர் சம்பளமற்ற லீவில் போய்விட்டார். அவரின் வகுப்புகளைப் பகிர்ந்தபோது நான் கவனமாகச் செய்த நேரசூசியில் பாதி உடைந்தது.

வருடம் முடிகிற கிழமை, அந்த 190 பாகைப் பிள்ளையின் கொப்பியை மறுபடி வாங்கிப் பார்த்தேன். அதே சேர், அதே சிவப்பு மை. இன்னொரு முக்கோணி, இம்முறை கூட்டுத்தொகை 195. சரி போடவில்லை. பக்கத்தில் சாய்வாக "கூட்டிப் பார்" என்று மட்டும் எழுதியிருந்தது. அவள் கூட்டிப் பார்த்து, அழித்து, மறுபடி செய்திருந்தாள். 170 வந்திருந்தது. அதற்குக் கீழே சேர் எழுதியிருந்தார்: "கிட்ட வந்திட்டாய். இன்னொருக்கா."